உப்பளத்துப் பறவைகளுக்கு ஒரு 8×42 பைனாகுலர்: இரண்டு பருவங்களுக்குப் பின் எழுதும் மதிப்புரை

பைனாகுலர் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் முதலில் கேட்பது, எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பதைத்தான். நானும் அப்படிக் கேட்டுத்தான் முன்பு ஒரு 10×42 கருவியை (10 என்பது மடங்கு, 42 என்பது முன்பக்க வில்லையின் விட்டம், மி.மீ-இல்) வாங்கினேன்; ஐந்து ஆண்டுகள் அதையே பயன்படுத்தினேன். பிறகு வாங்கிய 8×42 கருவியை வேதாரண்யம் உப்பளங்களிலும் கோடியக்கரையின் சேற்றுப் பரப்புகளிலும் இரண்டு வலசைப் பருவங்கள் தொடர்ந்து பயன்படுத்திவிட்டு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். பறவையின் பெயரைக் கண்டுபிடித்தால் போதும் என்பவர்களுக்கு இதில் பாதிதான் பயன்படும். என் தேவை வேறு. ஒரே சேற்றில், ஒரே காலை வேளையில், பத்துப் பன்னிரண்டு சிற்றினங்கள் நெருக்கியடித்து நின்று இரை தேடுகின்றன. எல்லாவற்றுக்கும் வேண்டியது அந்தச் சேற்றில் கிடக்கும் புழுவும் பூச்சியும் சிறு நண்டும்தான். அப்படியிருந்தும் ஓரினம் மற்றோரினத்தை அடியோடு விரட்டிவிடாமல் எப்படிச் சேர்ந்து பிழைக்கின்றன, அதில் அவற்றின் அலகுக்கும் காலுக்கும் கண்ணுக்கும் உள்ள பங்கு என்ன என்பதைப் பார்த்துப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. அந்த வேலைக்கு இது ஏற்றதா என்பதை வைத்தே இதை எடைபோடுகிறேன்.

நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. முதலில் கைக்கு வந்த 8×42 கருவியில் ஒரு குறை இருந்தது. ஒற்றை அனுபவத்தை வைத்து ஒரு நிறுவனத்தின் பெயரைக் கெடுப்பது நியாயம் இல்லை. தவிர, நான் சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை 8×42 என்ற அளவுக்கே உரியவை. இதே விலையில் கிடைக்கும் வேறு கருவிகளுக்கும் பொருந்தும். விலை 20,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. எடை ஏறக்குறைய 680 கிராம். உள்ளே நைட்ரஜன் நிரப்பி, நீர் புகாதபடி அடைத்திருக்கிறார்கள். 2 மீட்டர் தொலைவில் இருக்கும் தட்டானைக்கூடத் தெளிவாகப் பார்க்கலாம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே பார்வை வட்டம் முழுவதும் கிடைக்கிறது. கண்ணாடி அணியும் என் போன்றவர்களுக்கு இது சிறிய வசதி இல்லை.

அந்த முதல் கருவியின் குறையைச் சொல்லியாக வேண்டும். அதன் இரண்டு குழல்களும் ஒரே புள்ளியை நோக்கவில்லை. ஒரு நொடி எடுத்துப் பார்த்துவிட்டு இறக்குகிறவருக்கு இது தெரியவே தெரியாது. கண்கள் இரண்டு படங்களையும் இழுத்துப் பிடித்து ஒன்றாக்கிவிடும். ஆனால் ஒரு பறவையைப் பத்து நிமிடம் விடாமல் பார்த்து, அது எத்தனை முறை சேற்றின் மேலே கொத்துகிறது, எத்தனை முறை உள்ளே துழாவுகிறது என்று எண்ணும்போது நெற்றிப்பொட்டில் வலி தொடங்கியது. விற்றவர் மாற்றித் தர மூன்று வாரங்கள் ஆயின. வாங்கும்போதே தொலைவில் உள்ள மின்கம்பி ஒன்றைப் பார்த்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடித் திறக்கும் அந்த நொடியில் கம்பி மேலும் கீழுமாகத் துள்ளுகிறதா என்று கவனியுங்கள். துள்ளினால் அந்தக் கருவியை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

இனி, மடங்கைவிடப் பார்வைப் பரப்பு ஏன் முக்கியம் என்று நான் நினைக்கிறேன் என்பதற்கு வருகிறேன். இந்தக் கருவியின் பார்வைக் கோணம் 8 பாகை. என் பழைய 10×42 கருவிக்கு 6.5 பாகை. 60 மீட்டர் தொலைவில் உள்ள சேற்றில், புதிய கருவி ஏறத்தாழ 8.4 மீட்டர் அகலத்தைக் காட்டுகிறது; பழையது 6.8 மீட்டரைத்தான் காட்டியது. அகலத்தில் சிறிய வேறுபாடுபோலத் தெரிந்தாலும், வட்டத்தின் பரப்பில் இது ஒன்றரை மடங்கு. அந்தக் கூடுதல் பரப்பில் இன்னும் நான்கைந்து பறவைகள் வந்துவிடுகின்றன. பழைய கருவியில் நான் ஒவ்வொரு பறவையாகப் பார்த்தேன். இதில் அவற்றைச் சேர்த்துப் பார்க்கிறேன். ஓரினத்தின் அலகு நீளம் என்ற தகவல் தனியாக நிற்கும்போது, அது யாரோடு சேர்ந்து வாழ முடியும் என்பதைப் பற்றி எதுவும் சொல்லாது. பக்கத்தில் நிற்கும் பறவையின் அலகு எவ்வளவு நீளம் என்பது தெரிந்தால்தான் அந்தத் தகவலுக்குப் பொருள் வருகிறது. போட்டியும் உடன்வாழ்வும் இரண்டு இனங்களுக்கு நடுவில் நிகழ்பவை; எனவே இரண்டையும் ஒரே வட்டத்தில் காட்டும் கருவிதான் இந்த வேலைக்கு உதவும்.

எடுத்துக்காட்டாக, பிப்ரவரி மாதக் காலையில் அந்த வட்டத்துக்குள் வருபவற்றைச் சொல்கிறேன். சேறு ஈரமாக இருந்தும் தண்ணீர் நிற்காத இடத்தில் உப்புக்கொத்திகள் இருக்கும். குட்டையான தடித்த அலகு, தலைக்குப் பெரிதாகத் தோன்றும் கண். நான்கடி ஓடும், சட்டென்று நிற்கும், பார்க்கும், ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும். கண்ணால் பார்த்து வேட்டையாடும் பறவைக்கு ஓட்டத்தை நிறுத்தினால்தான் புழுவின் அசைவு தெரியும். அதற்கு இரண்டு மீட்டர் தள்ளி, விரல்நுனி அளவு தண்ணீர் நிற்கும் இடத்தில், சிட்டுக்குருவி அளவேயான கொசு உள்ளான்கள் கூட்டமாக நிற்கும். அவற்றின் அலகு 2 செ.மீ-க்கும் குறைவு. நிற்காமல், தையல் ஊசிபோலக் குத்திக்கொண்டே நகரும். அவற்றை அடுத்துப் பவளக்காலி. அதன் அலகு ஏறத்தாழ 4 செ.மீ. இன்னும் ஆழமான இடத்தில், கழுத்துவரை சேற்றில் புதைத்துவிடுவதுபோலக் குனிந்து, 10 செ.மீ அளவுள்ள நேரான அலகைச் செலுத்திக்கொண்டிருக்கும் கருவால் மூக்கன். ஓதம் இறங்கிய கழிமுகத்தில் என்றால் கோட்டானும் இருக்கும். ஆந்தையையும் கோட்டான் என்பார்கள். நான் சொல்வது கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகால் நண்டு வளைக்குள் துழாவும் வலசைப் பறவையை. இத்தனையும் தலையைத் திருப்பாமலே தெரியும்போது, ஒரே சேறு என்று நாம் சொல்வது பல அடுக்குகளாகப் பிரிந்து கிடப்பது புரிகிறது. மேல்தோல் போன்ற முதல் ஒரு செ.மீ ஓரினத்துக்கு, அதற்குக் கீழே உள்ளது வேறோர் இனத்துக்கு.

படத்தைத் தெளிவாக்கத் திருப்பும் குவியச் சக்கரம் மென்மையாகவும் விரைவாகவும் சுழல்கிறது. இந்தக் கருவியில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு காலை, வரப்பின் ஓரமாக உட்கார்ந்திருந்த என்னிடமிருந்து பதினைந்து மீட்டரில் ஒரு கருவால் மூக்கன் சிறகு கோதிக்கொண்டிருந்தது. கோதி முடித்துத் தலையை நிமிர்த்தியதும், அலகின் அடிப்பகுதி மூடியபடியே இருக்க, மேலலகின் நுனி மட்டும் மேல்நோக்கி வளைந்தது. இடுக்கியின் வாய் திறப்பதைப் போல நுனியில் மட்டும் ஓர் இடைவெளி தெரிந்து, உடனே மூடிக்கொண்டது. அரை நொடிகூட இருக்காது. உள்ளான் குடும்பத்துப் பறவைகள் பலவற்றுக்கு உள்ள திறன் இது: சேற்றுக்குள் பத்து செ.மீ ஆழத்தில் அலகு முழுவதையும் திறப்பதென்றால் சுற்றியுள்ள சேற்றையெல்லாம் தள்ள வேண்டும். நுனியை மட்டும் திறந்தால் புழுவைப் பிடித்துக்கொள்ளலாம். அந்த நுனியில் அழுத்தத்தை உணரும் நுண்ணிய உணர்வுறுப்புகளும் செறிந்திருக்கின்றன. கண்ணே தேவையில்லை. வாசித்துத் தெரிந்து வைத்திருந்த ஒன்றை நேரில் பார்த்தபோது, அலகின் நீளம் என்பது கதையின் ஒரு பகுதிதான் என்று எனக்கு உறைத்தது. உப்புக்கொத்திக்கும் மூக்கனுக்கும் நீளத்தில் மட்டுமா வேறுபாடு? ஒன்று கண்ணால் தேடுகிறது, மற்றொன்று தொட்டுத் தேடுகிறது. இரண்டும் ஒரே புழுவுக்காகப் போட்டியிடுவதாக இருந்தாலும், அந்தப் புழு மேலே வந்து அசையும் நேரத்தில் ஒன்றுக்கும், உள்ளே சுருண்டு கிடக்கும் நேரத்தில் மற்றொன்றுக்கும் இரையாகிறது.

அதே இடத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உப்புநீரைத் தேக்கும் பெரிய பாத்தி ஒன்றின் கரையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை செய்யும் பெரியவர் ஒருவர் வந்தார்.

"என்ன தம்பி, காலையிலேர்ந்து அந்தக் குருவி மூக்கையே பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

"எது எந்த எடத்துல மேயுதுன்னு கணக்கு எடுக்கிறேன்யா."

"அப்படின்னா சீக்கிரம் எடுத்துக்கங்க. இப்ப தண்ணி விடப் போறேன். விட்டா சின்னதெல்லாம் போயிடும், ஒசரக்காலு மட்டும்தான் நிக்கும்."

மோட்டாரைப் போட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாத்தியில் நான்கு விரற்கடை அளவுக்கு நீர் ஏறியது. அவர் சொன்னபடியே முதலில் கொசு உள்ளான்கள் எழுந்து அடுத்த பாத்திக்குப் போயின. உப்புக்கொத்திகள் வரப்பில் ஏறிக்கொண்டன. பவளக்காலிகள் சிறிது நேரம் தாக்குப்பிடித்து, பிறகு ஓரத்துக்கு ஒதுங்கின. நடுவில் எஞ்சி நின்றவை மூன்று இனங்கள்: நெடுங்கால் உள்ளான், பச்சைக்காலி, கருவால் மூக்கன். மூன்றுக்கும் கால் நீளம். பார்வை வட்டத்தின் அகலம் எனக்கு அன்று உதவியதுபோல வேறெப்போதும் உதவியதில்லை. யார் போகிறார்கள், யார் எங்கே ஒதுங்குகிறார்கள் என்பது ஒரே காட்சியாகக் கிடைத்தது.

அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். சேர்ந்து வாழும் இனங்கள் தமக்குள் வேறுபட்டிருக்க வேண்டும் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். 1934-இல் ரஷ்ய உயிரியலாளர் காஸே, பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரியின் இரண்டு இனங்களை ஒரே குடுவையில் வளர்த்தார். ஒன்று பெருகியது, மற்றொன்று அழிந்தது. ஆனால் குடுவையில் வேறு இடத்தில் வேறு விதமாக உணவு தேடும் மூன்றாவது இனத்தோடு சேர்த்தபோது, முன்பு அழிந்த இனம் பிழைத்துக்கொண்டது. 1959-இல் அமெரிக்கச் சூழலியலாளர் ஹட்சின்சன், ஒரே இடத்தில் வாழும் நெருங்கிய இனங்களின் அலகு போன்ற உணவு தேடும் உறுப்புகளை ஒப்பிட்டு, பெரியது சிறியதைப் போலச் சராசரியாக 1.3 மடங்கு இருக்கிறது என்றார். இவற்றைப் படித்துவிட்டு உப்பளத்துக்குப் போகிறவர், எங்கும் வேறுபாட்டையே எதிர்பார்ப்பார். ஆனால் தண்ணீர் ஏறியதும் நடந்தது அதற்கு நேரெதிர்: மிஞ்சியவை காலில் ஒன்றையொன்று ஒத்தவை. தண்ணீரின் ஆழம் ஒரு சல்லடையாகி, அந்த ஆழத்தில் நிற்க முடியாதவற்றைச் சலித்து வெளியேற்றிவிட்டது. கால் நீளத்தைப் பொறுத்தவரை, அங்கே சேர்ந்திருக்க வேண்டுமானால் ஒத்திருக்க வேண்டும்.

அலகைப் பார்த்தால் கதை மாறுகிறது. நெடுங்கால் உள்ளான் ஊசி போன்ற மெல்லிய நேர் அலகால் நீரின் மேற்பரப்பிலும் சற்றுக் கீழேயும் உள்ள பூச்சிகளைப் பொறுக்குகிறது. பச்சைக்காலியின் அலகு சற்றே மேல்நோக்கி வளைந்தது. தண்ணீருக்குள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிச் சிறு மீன்களைத் துரத்துகிறது. மூக்கன் அடியில் உள்ள சேற்றைத் துழாவுகிறது. சல்லடை ஒருபோலாக்கிய காலுக்கு மேலே, அலகுகள் வேறு வேறாக நிற்கின்றன. எந்தப் பண்பு ஒத்திருக்க வேண்டும், எந்தப் பண்பு வேறுபட வேண்டும் என்பது பண்புக்குப் பண்பு மாறுகிறது. எல்லாப் பண்புகளையும் கூட்டிச் சேர்த்து, இந்த இனங்கள் ஒத்தவையா வேறுபட்டவையா என்று ஒற்றை எண்ணில் கேட்டால், இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு விடையே இல்லாமல் போகும்.

ஹட்சின்சனின் 1.3 பற்றி ஓர் இடைக்குறிப்பு. 1977-இல் ஹார்ன், மே என்ற இரு சூழலியலாளர்கள், ஒன்றாக வாசிக்கப்படும் இசைக்கருவிகளின் அளவுகளிலும் இதே விகிதம் வருவதைக் காட்டினார்கள். இசைக்கருவிகளுக்கு நடுவில் இரைக்கான போட்டி இல்லை. ஓர் ஒழுங்கான இடைவெளி தெரிந்துவிட்டதாலேயே அதற்குப் போட்டிதான் காரணம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது என்பதை நான் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். பைனாகுலரோடு வயல்வெளியில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் இந்த எச்சரிக்கை தேவை. ஏனென்றால் கருவி தெளிவாக இருக்க இருக்க, கண்ட வேறுபாட்டையெல்லாம் காரணமாக எண்ணத் தோன்றுகிறது.

வண்ணத்துக்கும் ஒளிக்கும் வருகிறேன். 42 மி.மீ வாயை 8 மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் 5.25 மி.மீ, 10 மடங்குக் கருவியில் 4.2 மி.மீ. விடியலுக்கு முன்னால் இந்த வேறுபாடு நன்றாகவே தெரிகிறது. பவளக்காலியின் செம்மஞ்சள் கால்களையும் பச்சைக்காலியின் சாம்பல் படர்ந்த பச்சைக் கால்களையும் இருபது நிமிடம் முன்னதாகவே பிரித்தறிய முடிகிறது. ஆனால் வெயில் ஏறி, வெள்ளை வெளேரென்ற உப்புக் குவியலின் முன்னால் கறுத்த அலகு வரும்போது, அலகின் விளிம்பில் ஊதாவும் மஞ்சளுமாக ஒரு கோடு படர்கிறது. பெயரை அறிய இது தடையில்லை. அலகின் தடிப்பை மதிப்பிட முயலும்போது இது பெரிய தொல்லை. மெல்லிய அலகு தடித்ததாகத் தோன்றிவிடும். இதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள கருவிகளில் இந்த வண்ணக்கோடு வெகுவாகக் குறைகிறது. பணம் இருப்பவர்கள் மடங்கைக் கூட்டுவதைவிட இதற்குச் செலவிடலாம். காலை ஒன்பதரை மணிக்கு மேல் உப்பளத்தில் கானல் எழுந்துவிடும்; அதற்குப் பிறகு எந்த விலைக் கருவியும் ஒன்றுதான்.

இக்கருவி காட்டாதவற்றையும் சொன்னால்தான் மதிப்புரை முழுமையாகும். சேற்றுக்குள் போன அலகு எதைத் தொட்டது, எதை விட்டது என்பது தெரியாது. நூறு மீட்டருக்கு அப்பால் விழுங்கப்பட்டது புழுவா சிப்பியா என்று தெரியாது. அதற்கு முக்காலியில் வைக்கும் 20 முதல் 60 மடங்குள்ள தொலைநோக்கிதான் வேண்டும். இரவு தெரியாது. இப்பறவைகளில் பல இரவிலும் மேய்கின்றன. தொட்டுத் தேடும் பறவைக்கு இருட்டு பெரிய தடையில்லை. நான் பகலில் பார்த்த பங்கீடு இரவில் எப்படி மாறுகிறது என்பது என் குறிப்பேட்டில் இல்லை. கொசு உள்ளான் கூடுகட்டுவது ஆர்க்டிக் கரையோரத்தில். அதன் எண்ணிக்கை ஏறுவதும் இறங்குவதும் அங்கே நடப்பதைப் பொறுத்தும் இருக்கும்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை ஒன்று உண்டு. அது எந்தக் கண்ணாடியாலும் தீராதது. இரண்டு இனங்களுக்கு நடுவில் உள்ள வேறுபாடு அவற்றைச் சேர்ந்து வாழவும் வைக்கலாம், ஒன்றை மற்றொன்று ஒழிக்கவும் வைக்கலாம். ஆளுக்கொரு இரை என்று பிரித்துக்கொடுக்கும் வேறுபாடு முதல் வகை. ஒரே இரையை ஒருவர் மற்றவரைவிடத் திறமையாக எடுத்துக்கொள்ள வைக்கும் வேறுபாடு இரண்டாம் வகை. அது போட்டியில் ஒருவர் பக்கம் தராசைச் சாய்ப்பது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று 2000-இல் சூழலியல் கோட்பாட்டாளர் பீட்டர் செஸன் தெளிவாக எழுதிய பிறகுதான் சூழலியலாளர்கள் பலரும் பண்புகளை வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கினார்கள். 2015-இல் கிராஃப்ட், கோடாய், லெவின் ஆகிய மூவரும் கலிஃபோர்னியாவின் 18 ஓராண்டுத் தாவரங்களை ஒன்றோடொன்று போட்டியிட வைத்து அளந்தார்கள். தாவரங்களின் தனித்தனிப் பண்புகளோடு தெளிவாகத் தொடர்புபட்டது இரண்டாம் வகை, அதாவது ஒன்றுக்கு மேலாதிக்கம் தரும் வேறுபாடு. சேர்ந்து வாழ வைக்கும் முதல் வகை வேறுபாட்டை எந்த ஒற்றைப் பண்பாலும் விளக்க முடியவில்லை. பல பண்புகளைச் சேர்த்துப் பார்த்தபோதுதான் ஓரளவு விளக்கம் கிடைத்தது. செடி வயலில் கிடைத்த விடையை அப்படியே பறவைக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் அலகின் நீளத்தை மட்டும் பார்த்து, நீண்டதற்கு ஆழம், குட்டையானதற்கு மேல்மட்டம், அதனால் இருவரும் சுகமாக வாழ்கிறார்கள் என்று எழுதிவைத்திருந்த என் முதல் ஆண்டுக் குறிப்புகளை, அந்த ஆய்வைப் படித்த பிறகு நான் அப்படியே ஏற்க முடியவில்லை. என் குறிப்பேட்டிலேயே அதற்கு மாறான சான்று இருந்தது. உப்பு நன்கு முறுகிய பாத்தியில் உப்புநீர் இறாலும் ஈப்புழுவும் மிதமிஞ்சிக் கிடக்கும் நாட்களில், 10 செ.மீ அலகுள்ள மூக்கனும் சேற்றைத் துழாவாமல் கொசு உள்ளானைப் போலவே மேலே பொறுக்குகிறது. இரை நிறைந்திருக்கும்போது அலகுகளின் வேறுபாடு பயனற்றுக் கிடக்கிறது.

அது பயன்படுவது பஞ்சத்தில். இதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று கலாபகஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னே மேஜர் என்ற சிறு தீவிலிருந்து வருகிறது. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் என்ற உயிரியலாளர் தம்பதியர் அங்குள்ள குருவிகளை 1973 முதல் பல பத்தாண்டுகள் அளந்தார்கள். 1977-இன் வறட்சியில் சிறு விதைகள் தீர்ந்துபோக, நடுத்தரத் தரைக்குருவிகளில் பெரிய அலகுள்ளவை கடினமான பெரிய விதைகளை உடைத்துத் தின்று பிழைத்தன. அந்த இனத்தின் சராசரி அலகு பெரிதாயிற்று. 1982-இல் பெரிய தரைக்குருவி என்ற வேறோர் இனம் அத்தீவில் குடியேறியது. அடுத்த பெரும் வறட்சி 2003-இலும் 2004-இலும் வந்தபோது பெரிய விதைகளை அந்தப் புதிய இனம் காலிசெய்துவிட்டது. இம்முறை நடுத்தரக் குருவிகளில் பெரிய அலகுள்ளவைதான் அதிகம் மடிந்தன. சராசரி அலகு சிறிதாயிற்று. அதே பறவை, அதே வறட்சி. பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது மாறியதும் எந்த அலகு நல்ல அலகு என்பதும் மாறிவிட்டது. ஒரு பருவம் பார்த்துவிட்டு முடிவு சொல்லக் கூடாது என்பதற்கும், தண்ணீர் வற்றி இரை குறையும் வாரங்களில்தான் இக்கருவியோடு கட்டாயம் போக வேண்டும் என்பதற்கும் இதைவிட வேறு காரணம் எனக்குத் தேவையில்லை.

கண்ணால் மதிப்பிடும் அலகு நீளத்தை எண்களோடு ஒப்பிட விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. 2022-இல் வெளியான அவோநெட் என்ற தரவுத் தொகுப்பில் 11,009 பறவை இனங்களின் அலகு, கால், சிறகு, வால் ஆகியவற்றின் அளவுகள் இருக்கின்றன. 90,020 தனிப் பறவைகளை அளந்து தொகுத்தது. யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். உப்பளத்தில் எந்த இனம் எந்த ஆழத்தில் நின்றது என்ற என் குறிப்பையும் அந்தத் தொகுப்பில் உள்ள கணுக்கால் நீளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இப்போது என் வழக்கம். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறார்கள். பறவையைக் கையில் எடுத்து அளப்பதற்கும் அறுபது மீட்டரில் நின்று பார்ப்பதற்கும் உள்ள தொலைவு எனக்குத் தெரியும். ஆனால் கையில் இருக்கும் பறவை மேயாது. அளவு அங்கிருந்தும், அந்த அளவைப் பறவை எப்படிப் பயன்படுத்துகிறது என்பது இங்கிருந்தும் வர வேண்டும்.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. உப்புக்காற்று எந்தக் கருவிக்கும் எதிரி. மாலையில் வீடு திரும்பியதும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடலைத் துடைக்க வேண்டும். கண்ணாடி வில்லையில் படிந்த உப்பை ஊதித் தள்ளாமல் துணியால் தேய்த்தால் கீறல் விழும். இரண்டாம் பருவத்தின் நடுவில் குவியச் சக்கரம் சற்று இறுகியது; துடைப்பதை ஒழுங்காகச் செய்யத் தொடங்கியதும் சரியாயிற்று. முன்பக்க வில்லைகளின் மூடிகள் தளர்வானவை. ஒன்று முதல் மாதத்திலேயே எங்கோ சேற்றில் விழுந்துவிட்டது. கருவியோடு வரும் கழுத்துப்பட்டை மெல்லியது, மூன்று மணி நேரத்தில் பிடரியை அறுக்கும். தோள்களில் மாட்டும் பட்டையைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். நடு அச்சின் முனையில் முக்காலியில் பொருத்துவதற்கான திருகுத்துளை இருக்கிறது. பலரும் இதைக் கவனிப்பதில்லை. பத்து நிமிடக் கணக்குகளை எடுக்க அது பெரும் உதவி. கை நடுங்காமல் ஒரு கையால் குறிப்பெழுதலாம்.

காட்டுப் பறவைகளுக்கும், மரக்கிளையில் ஒற்றையாக அமர்ந்திருக்கும் கழுகுக்கும் 10 மடங்குக் கருவியை விரும்புகிறவர்களோடு நான் வாதிடப் போவதில்லை. பல இனங்கள் கலந்து மேயும் சதுப்பு, உப்பளம், ஏரிக்கரை, அறுவடை முடிந்து தண்ணீர் விட்ட வயல் ஆகிய இடங்களில், எது எதனோடு எப்படிச் சேர்ந்து பிழைக்கிறது என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு இந்த 8×42 கருவியை மனமாரப் பரிந்துரைக்கிறேன். விளிம்பு வண்ணத்துக்காகவும் மோசமான மூடிகளுக்காகவும் குறைத்து, ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். பழைய 10×42 கருவியைப் போன மாதம் பக்கத்து ஊர் மாணவர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன்; செப்டம்பரில் முதல் உள்ளான்கள் இறங்கியதும் இருவரும் ஒரே பாத்தியின் இரண்டு கரைகளில் உட்கார்ந்து, தண்ணீர் ஏறுவதற்கு முன்னும் பின்னும் கணக்கெடுப்பதாகத் திட்டம்.